மேஜர் லீக் இருக்கும்போது மைனர் லீக் பையன்களைப் பின்தொடர்வதில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர் அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். அலுவலகத்தில் பலரும் பேஸ்பால் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் யாருக்கும் தெரியாத பத்தொன்பது வயதுப் பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாராம். அதில் என்ன இருக்கிறது, தானும் பார்க்க ஆசைப்பட்டால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் அந்த ஆள் நான்தான். பேஸ்பாலின் உச்ச மட்டம் மேஜர் லீக், அதற்கு ஆள் வளர்க்கும் கீழ்மட்டம் மைனர் லீக். பத்து வருடத்துக்கு மேலாக ஃப்ளோரிடாவின் மேஜர் லீக் அணியான டாம்பா பே ரேஸின் கீழ்மட்ட அணிகளைப் பார்த்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2013-இல் வேலைக்காக வட கரோலினாவில் மோரிஸ்வில் வந்து சேர்ந்தேன். பக்கத்திலேயே டர்ஹம். அங்கே டர்ஹம் புல்ஸ் என்று ஓர் அணி. ரேஸ் அணியின் டிரிபிள் ஏ அணி அது, அதாவது மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே. ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, கூட வேலை பார்ப்பவர்கள் என்னையும் அழைத்துப்போனார்கள். இடது பக்கம் 32 அடி உயர நீலச் சுவர், அதன் மேலே பெரிய காளைப் பலகை. நம் அணி ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தால் காளையின் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும், வால் ஆடும். காளையின் மேல் பந்தை அடித்தால் ஆட்டக்காரருக்கு ஸ்டேக், கீழே வரைந்திருக்கும் புல்லில் அடித்தால் சாலட் என்று எழுதியிருக்கும். பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாத எனக்கு அன்று புரிந்தது அந்தக் காளை மட்டும்தான்.

ஆனால் சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் நடு வெளிப்பகுதியில், ஒரு பையன் ஓடியது கண்ணிலேயே நின்றது. பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்கும்போதே அவன் நகர ஆரம்பித்திருப்பான். கிரிக்கெட்டில் கவர் பாயிண்ட்டில் நல்ல ஃபீல்டரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது போதும். பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்: கெவின் கியர்மேயர்.

செப்டம்பர் 30. டெக்சஸில் ரேஸ் அணிக்குக் கூடுதல் ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. ரேஸின் டேவிட் பிரைஸ் கடைசிவரை அவரே பந்து வீசிக்கொண்டிருந்தார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஃபீல்டிங்குக்காக ஒருவரை இறக்கினார்கள். தொலைக்காட்சியில் பெயரைப் பார்த்ததும் சோஃபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அதே பையன்! மேஜர் லீக்கில் அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். அன்று நாடு முழுவதும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவன் யாரென்றே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இன்றுவரை இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவனை ரேஸ் எடுத்தது 31-ஆவது சுற்றில். அவனுக்கு முன்னால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அணிகள் தேர்ந்தெடுத்திருந்தன. அப்படி வந்தவன் பிற்காலத்தில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருதை நான்கு முறை வாங்கினான். இப்போது டிராஃப்டே 20 சுற்றுதான். இன்னொரு கியர்மேயர் 31-ஆவது சுற்றில் வரமுடியாது, அந்தச் சுற்றே இல்லை. 2020-க்குப் பிறகு மைனர் லீக்கை மேஜர் லீக் நிர்வாகமே கையில் எடுத்து, 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். எத்தனையோ சிற்றூர்களுக்குக் கோடைகாலமே போய்விட்டது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள். ரேஸுக்குக் கீழிருந்து மேலாகச் சார்ல்ஸ்டன், பௌலிங் கிரீன், மான்ட்கோமரி (டபுள் ஏ), டர்ஹம் (டிரிபிள் ஏ). அதற்கும் கீழே ஃப்ளோரிடாவிலும் டொமினிகன் குடியரசிலும் பயிற்சிமட்ட அணிகள். நம் ஊரில் ஒரு பையன் கிளப்புக்கு ஆடுவான், பிறகு மாநிலத்துக்கு ஆடுவான், ஏலத்தில் எடுத்தால் ஐபிஎல் போவான். இங்கே அப்படியில்லை. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து, சிலருக்குப் பதினாறு, பதினேழு வயதிலேயே, ஒரே அணி அவனுக்குச் சோறு போட்டு, மட்டை பிடிப்பதை மாற்றி, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, படிப்படியாக ஏற்றுகிறது. இதைத் தொடங்கிவைத்தவர் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிடம் பணம் இல்லை. பணக்கார அணிகளோடு போட்டிபோட்டு ஆட்டக்காரர்களை வாங்க முடியாது என்பதால், சிறு அணிகளை வாங்கி அவற்றில் தானே வளர்த்துக்கொண்டார். 1926-இல் அந்த அணி தன் முதல் வேர்ல்டு சீரிஸை, அதாவது மேஜர் லீக் இறுதித் தொடரை, வென்றது.

இதற்கு ஆங்கிலத்தில் பண்ணை என்று பெயர். எனக்கு நாற்றங்கால் என்றுதான் தோன்றும். அப்பா மன்னார்குடிப் பக்கம் விவசாயி. 2017-இல் இங்கே வந்திருந்தபோது டர்ஹம் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். இவர்களில் எத்தனை பேர் மேலே போவார்கள் என்று கேட்டார். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் ஒருநாளாவது ஆடுவார்கள், கீழ்மட்டத்தில் பத்தில் ஒருவர் போனாலே பெரிது என்று என் கணக்கில் சொன்னேன். அப்பா ஆச்சரியப்படவில்லை. "நாத்து விடும்போது வயலுக்கு வேணுங்கறதுக்கு மேலதானப்பா விடுவோம், எது நிக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றார். பிறகு அவரே இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற பையனைக் காட்டி, "இந்தத் தம்பி சிரிச்சுகிட்டே ஆடுறான், பாரு" என்றார். அது வில்லி அடாமஸ். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதைப் பார்ப்பது? முதலில் வயதைப் பாருங்கள். இதை எனக்கு யாராவது முதல் வருடமே சொல்லியிருக்கலாம். டிரிபிள் ஏயில் 27 வயதுக்காரர் முப்பது ஹோம் ரன் அடிப்பதைவிட, கீழ்ப்படியில் 18 வயதுப் பையன் தன்னைவிட மூன்று வயது மூத்த பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) சமாளிப்பது பெரிய செய்தி. 2022 கோடையில் ஜெபுலன் என்ற சிற்றூருக்குக் காரோட்டிக்கொண்டு போனேன். அங்கே ஆடிய கரோலினா மட்கேட்ஸ் மில்வாக்கி புரூவர்ஸின் அணி, என் அணி இல்லை. வெனிசுவேலாவின் மரக்கைபோவிலிருந்து வந்த ஜாக்சன் சூரியோ என்ற பையனுக்கு அப்போதுதான் 18 முடிந்திருந்தது. முதல் இரண்டு முறையும் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட். வெளியே விலகிப்போகும் ஸ்லைடரைத் துரத்தி மட்டையை வீசினான். மூன்றாவது முறை அதே ஸ்லைடர் வந்தது, தொடாமல் விட்டான். என்னைப் பொறுத்தவரை அன்றைய ஆட்டமே அதுதான். ஒரு மாலைக்குள் ஒரு பாடம். அதே வருடம் இரண்டு படி ஏறி டபுள் ஏ போய்ச் சேர்ந்தான். மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமலே 2023 டிசம்பரில் 8 வருடத்துக்கு 8.2 கோடி டாலர் ஒப்பந்தம். 2024-இல், இருபது வயதில், 21 ஹோம் ரன். ஜெபுலனில் மட்கேட்ஸின் ஆட்டம் 2025-ஓடு முடிந்துவிட்டது, அணி வில்சன் நகருக்கு இடம் மாறிவிட்டது. அந்தப் பழைய கேலரி மரப்பலகையில் உட்கார்ந்து பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது.

இரண்டாவது, கீழ்மட்டத்தில் ஸ்கோரை அப்படியே நம்பவேண்டாம். பேட்டரென்றால் எத்தனை ஸ்ட்ரைக் அவுட், எத்தனை வாக் (பிட்சரின் நான்கு தவறான பந்தால் கிடைக்கும் இலவச பேஸ்) என்பதை முதலில் பாருங்கள், சராசரி அப்புறம். பிட்சர் அடிவாங்கினால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். நல்ல ஃபாஸ்ட்பால் வைத்திருப்பவனிடம், இன்று சேஞ்சப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்தை) மட்டும் பதினைந்து முறையாவது போடு என்று அணியே சொல்லியனுப்பும். அவன் தன் பலவீனத்தை நாலாயிரம் பேர் முன்னால் பழகிக்கொண்டிருப்பான். ஸ்கோர் அட்டையில் அது நான்கு ரன் என்று மட்டும் பதிவாகும். மைதானத்தின் அளவும் முக்கியம். டர்ஹமில் இடது ஓரம் 305 அடிதான். மற்ற இடத்தில் கேட்சாகும் பந்து இங்கே சுவரில் மோதி டபுள், அதாவது இரண்டு பேஸ் ஓடும் அடி, ஆகும்.

தரவரிசைப் பட்டியல்களைப் படியுங்கள், தவறில்லை. ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் 20-இலிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஆட்டக்காரனை ஒரு மாதம் தொடர்ந்து பார்ப்பது அதிகம் கற்றுத்தரும்.

இனி அடாமஸ் கதை. இதற்கு 2007-இலிருந்து வரவேண்டும். அந்த வருட டிராஃப்டில் முதல் ஆளாக டேவிட் பிரைஸை ரேஸ் எடுத்தது. 2008-இல் மான்ட்கோமரி, டர்ஹம் வழியாக மேலே வந்து, அக்டோபரில் பாஸ்டனுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட்டை எடுத்து அணியை முதன்முறை வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனார். 2012-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடித்த ஆட்டக்காரர் எந்த அணிக்கும் போகலாம். ரேஸ் மாதிரிச் சம்பளம் கொடுக்க வசதியில்லாத அணி அதற்கு முன்பே அவரை விற்றாகவேண்டும். 2014 ஜூலை 31, பிரைஸ் டெட்ராய்ட் போனார். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. பதிலுக்கு வந்த மூவரில் ஒருவன் 18 வயது டொமினிகன் பையன், வில்லி அடாமஸ். அந்தப் பெயரை அன்றே குறித்துக்கொண்டேன். 2015 ஒரு படி, 2016 மான்ட்கோமரி, 2017 டர்ஹம். அந்த வருடம் புல்ஸ் டிரிபிள் ஏ தேசியப் பட்டத்தை வென்றது. 2018 மே 22 அன்று மேஜர் லீக்கில் முதல் ஆட்டம், முதல் ஹிட் ஹோம் ரன், அதுவும் பாஸ்டனின் நட்சத்திரப் பிட்சர் கிறிஸ் சேல் பந்தில். நான்கு வருடம் காத்திருந்து பார்த்த பந்து அது. அப்பாவுக்கு உடனே வீடியோ அனுப்பினேன்.

2021 மே மாதம் அவனையும் கொடுத்துவிட்டார்கள், புரூவர்ஸுக்கு. அடுத்த நாளே டர்ஹமிலிருந்து டெய்லர் வால்ஸ் மேலே போனான். அடாமஸுக்குப் பதிலாக வந்த இருவரில் ஒருவர் பிட்சர் டுரூ ராஸ்மஸன். இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இருக்கிறது. 2017 டிராஃப்டில் 31-ஆவது ஆளாக இவரைத் தேர்ந்தெடுத்ததே ரேஸ்தான். முழங்கை நிலைமையைப் பார்த்து ஒப்பந்தம் போடாமல் விட்டார்கள். இரண்டாவது முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வேறு அணி வழியாக, நான்கு வருடம் சுற்றி அதே வாசலுக்கு வந்தார். 2022 ஆகஸ்டில் பால்டிமோருக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் ஒரு பேட்டரைக்கூட பேஸில் ஏறவிடவில்லை. ஒன்பதாவதின் முதல் பந்தில் ஹிட். 2025-இல் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். பிரைஸை விற்றதில் அடாமஸ், அடாமஸை விற்றதில் ராஸ்மஸன். அணியின் வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பவருக்கு இது மூன்று தனித்தனிச் செய்தி. எனக்கு இது ஒரே கதை, பதினெட்டு வருடமாக நடக்கிறது. அடாமஸ் பின்னர் சான் பிரான்சிஸ்கோவுடன் 18.2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டான். மனதார மகிழ்ந்தேன்.

வராதவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருமுறை எதிரணியில் ஆடவந்த ஒரு கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி), ஆட்டத்துக்கு முன் வேலியோரம் என் மகளிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் பெயரைச் சரியாக உச்சரிக்கும்வரை விடவில்லை. வயது 28. மூன்று வாரம் கழித்து அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் கையெழுத்திட்ட பந்து எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, வேறு யார் பந்தும் அதன் பக்கத்தில் இல்லை. இவர்கள் வாங்கிய சம்பளத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. 2022 வரை டிரிபிள் ஏயில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலர், அடிமட்டத்தில் 4,800. 2023-இல்தான் தொழிற்சங்கம் வழியாக முதல் ஒப்பந்தம் வந்து 35,800 ஆகவும் 19,800 ஆகவும் உயர்ந்தது. அதே வருடம் மேஜர் லீக்கில் குறைந்தபட்சமே 7,20,000. நடுவில் இருப்பது ஒரே ஒரு படி.

தொடங்க வழி கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மைனர் லீக் அணி இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அது எந்தப் பெரிய அணியுடையது என்பது இரண்டாம்பட்சம். செவ்வாயிலிருந்து ஞாயிறுவரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம் நடக்கும், திங்கள் விடுமுறை. செவ்வாய் ஒருநாள், சனி ஒருநாள் என்று ஒரே தொடரில் இரண்டு முறை போங்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பேட்டரை ஏமாற்றிய பந்து, சனிக்கிழமை அவனை ஏமாற்றுகிறதா என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்து அவனுடைய வயதையும் எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்பதையும் படியுங்கள். மூன்று பெயர் போதும், முப்பது வேண்டாம். டிக்கெட் விலை மேஜர் லீக்கில் ஒரு பகுதிதான். பிள்ளைகளை அழைத்துப்போனால் சீக்கிரமே போய் வேலியோரம் நில்லுங்கள், ஆட்டக்காரர்கள் அநேகமாக வந்து பேசுவார்கள்.

இந்த வருடம் என் நோட்டில் மூன்று பெயர் இருக்கிறது. அதில் ஒருவன் இடதுகைப் பிட்சர், போன தொடரில் நான்கு இன்னிங்ஸில் ஐந்து வாக் கொடுத்தான். வரும் சனிக்கிழமை மறுபடி அவன் முறை. மகளுக்கும் எனக்கும் முதல் பேஸ் பக்கம் டிக்கெட் எடுத்துவிட்டேன், அவன் கை பந்தை விடும் இடம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.