‘ஸ்டென்ட் வைத்தார்களாம்’

கேள்வி: என் அண்ணன் அமெரிக்கக் குடிமகன். 2007 பிப்ரவரியில் எங்கள் குடும்பம் அங்கே குடியேற விசா கேட்டு மனுச் செய்தார். அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. இத்தனை ஆண்டு காத்திருந்துவிட்டோம். இப்போது எங்கள் தேதி நெருங்கிவிட்டது என்கிறார்கள். ஆனால் வருகிற ஆவணியில் மகளுக்கு 21 வயது முடிகிறது. அதன்பிறகு அவள் எங்களோடு வர முடியாது என்கிறார்கள். அண்ணனே அவளுக்குத் தனியாக மனுச் செய்யலாமா? மாணவர் விசாவில் முன்னதாக அனுப்பிவிடலாமா? இங்கே ஒரு ஏஜென்ட், பிறந்த தேதியில் ஓராண்டைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அங்கேயே வேலையில் இருக்கும் மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைத்துவிடலாம் என்கிறார் நாத்தனார். அப்பா காலமானபின் வீட்டுப் பாகம் விஷயமாக மனத்தாங்கல் வந்து, அண்ணனோடு மூன்று ஆண்டாகப் பேச்சில்லை. போன மார்கழியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்களாம். அவர் கேட்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விசா காரியத்தைப் பார் என்கிறார் என் கணவர். எது சரியான வழி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: ‘வைத்தார்களாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் விசாவைப் பற்றிய வரிகளை ஒரு முறை படித்தேன். இந்தச் சொல்லுக்கு மட்டும் மூன்று முறை திரும்பி வந்தேன். அடுத்த தெருவில் லாரி மோதியதாம், மளிகைக்கடைக்காரர் வீட்டை விற்றுவிட்டாராம். இந்த ‘ஆம்’ யாருக்குப் போடுவது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். கூடப்பிறந்தவரின் நெஞ்சுக்குழாய் அடைத்துக்கொண்டதற்கு அதைப் போட்டிருக்கிறீர்கள். அதுவும் வீட்டுப் பாகத்துக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் நடுவே, போகிற போக்கில்.

வருத்தப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை. சட்டத்தைச் சொல்கிறேன். அது உங்களை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

அமெரிக்கச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 21 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளை. அண்ணன் மனுச் செய்தது உங்களுக்காக. உங்கள் கணவரும் மகளும் உங்கள் நிழலில் வருகிறவர்கள். மகள் அந்தச் சொல்லுக்குள் இருக்கும்வரைதான் அந்த நிழல். இதுவரை நீங்கள் கேள்விப்பட்டது சரி.

நீங்கள் கேள்விப்படாதது 2002இல் வந்த சட்டம். அரசாங்கம் மனுவைக் கிடப்பில் போட்ட காலத்துக்குப் பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று அந்த நாட்டு நாடாளுமன்றமே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கணக்கு எளிது. மனுச் செய்த தேதியின் வரிசைப்படி உங்கள் முறை வந்து விசா எண் கிடைக்கும் நாளில் மகளுக்கு எத்தனை வயது என்று பார்ப்பார்கள். அண்ணனின் மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அங்கீகாரம் ஆன நாள்வரை எத்தனை நாள் என்று பார்ப்பார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பார்கள். மிஞ்சுவது 21க்குக் கீழே இருந்தால் அவள் குழந்தை. ஆக, ஆவணியில் வரும் பிறந்தநாள் நீங்கள் நினைக்கிற மாதிரிக் கதவை அடைக்கிற நாள் இல்லை. மனு மூன்று ஆண்டு கிடந்திருந்தால், 24 வயது நிரம்புவதற்கு முன்பு எண் கிடைத்தாலும் அவள் உங்களோடு வரலாம். ஐந்தே மாதத்தில் அங்கீகாரம் கிடைத்திருந்தால், 21 வயதும் ஐந்து மாதமும்தான் எல்லை. உலகத்திலேயே அரசு அலுவலகத்தின் சோம்பல் நமக்கு வரவாக எழுதப்படும் இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அண்ணன் தங்கைகளுக்கான நான்காம் பிரிவில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 விசா. அதில் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடைக்காது. 2025 முழுவதும் இந்திய வரிசை 2006ஆம் ஆண்டு மனுக்களிலேயே நகர்ந்தது. உங்களுடையது 2007 பிப்ரவரி. அருகில்தான் இருக்கிறீர்கள், ஆனால் இந்த வரிசை சில மாதங்கள் நகராமல் நின்றுவிடும், சில நேரம் பின்னுக்கும் போகும். எனவே மகளின் கதி அந்த இரண்டு தேதிகளில், மனு சேர்ந்த தேதியிலும் அங்கீகாரத் தேதியிலும், தொங்குகிறது.

அந்தத் தேதிகள் எங்கே இருக்கின்றன? அங்கீகாரக் கடிதத்தில். அந்தக் கடிதம் யாருக்கு வந்திருக்கும்? மனுச் செய்தவருக்கு. ஏஜென்ட், கணவர், நாத்தனார் என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டு என்னிடமும் கேட்டிருக்கிறீர்கள். விடை இருக்கும் காகிதம் உங்கள் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். எண் கிடைத்தவுடன் தேசிய விசா மையத்திலிருந்து வரும் கடிதங்கள் அண்ணனுக்குத்தான் முதலில் போகும். உங்களுக்கு வர வேண்டுமென்றாலும் 2007இல் அவர் எழுதிக்கொடுத்த முகவரிக்கு வரும். அந்த வீட்டில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா? எண் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மகளுக்காகக் கட்டணம் கட்டுவது, இணையத்தில் விசா விண்ணப்பத்தை அனுப்புவது என்று ஏதாவது ஓர் அடி எடுத்து வைத்திருக்க வேண்டும். கழித்தல் கணக்கில் ஜெயித்துவிட்டு இந்த ஓராண்டைக் கோட்டைவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு வீட்டில், கடிதம் வந்த சேதியைச் சொல்ல வேண்டிய அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு வளைகாப்பில் சண்டை. சேதி பதினான்கு மாதம் கழித்து வந்தது.

மும்பையில் நேர்காணலுக்கு முன்பு இன்னொன்றும் வேண்டும். உங்கள் மூவரையும் அரசு உதவியில் விழாமல் தாங்குவேன் என்று, வருமான வரிக் காகிதங்களோடு அண்ணன் ஓர் உறுதிப்பத்திரம் தர வேண்டும். அது சம்பிரதாயக் காகிதம் இல்லை, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். நீங்கள் அந்த நாட்டுக் குடிமக்கள் ஆகும்வரை, அல்லது நாற்பது காலாண்டு வேலை செய்து முடிக்கும்வரை பொதுவாக அவரை விடாது. அவர் வருமானம் போதாவிட்டால் வேறொருவர் சேர்ந்து கையெழுத்திடலாம். அப்போதும் அவருடைய பத்திரம் இல்லாமல் நகராது. உங்களோடு மூன்று ஆண்டாகப் பேசாத மனிதர், உங்களுக்குச் சோறு போடுவேன் என்று அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எப்படிக் கேட்கப் போகிறீர்கள்? வக்கீல் நோட்டீஸ் விட்டா?

அந்த ஸ்டென்ட் விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியதற்கு வருகிறேன். மனுச் செய்தவர் இறந்துவிட்டால் மனுவும் அவரோடு போய்விடும். மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் மனம். இதைப் படித்ததும் உங்களுக்குப் பதறினால், எதற்காகப் பதறுகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடிக்கிறேன். மாமன் மருமகளுக்கு மனுச் செய்ய அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற ஊர் நம்முடையது, அங்கே அந்த உறவுக்கு ஒரு பிரிவுகூடக் கிடையாது. மாணவர் விசா, படித்து முடித்துத் திரும்பி வருவேன் என்று சொல்கிறவர்களுக்கு. படிக்க உண்மையான ஆசை இருந்தால் கேட்கட்டும், குடும்பத்துக்காக ஒரு மனு நிலுவையில் இருப்பதை மறைக்காமல் கேட்கட்டும். பின்வாசலாக அதை நினைக்காதீர்கள். நாத்தனாரின் யோசனையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். உங்கள் மகள் கழுத்தில் தாலி ஏறிய அன்றே உங்கள் மனுவில் அவளுக்கு இருக்கும் இடம் போய்விடும். மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் அவர் மனுச் செய்யலாம். வேலை விசாவில் இருப்பவராக இருந்தால் இன்னொரு வரிசையின் வாலில் போய் நிற்பாள். விசாவுக்காகக் கல்யாணம் என்பதைப் பற்றி நான் நினைப்பதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அந்த ஏஜென்டின் படியை மறுபடி மிதிக்காதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதை மாற்றிக் கொடுத்த தலைமுறை நாம், அதனால் நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றுகிறது. விசாவுக்காகப் பொய்ச் சான்றிதழ் கொடுத்தது தெரிந்தால் அந்த நாட்டு வாசல் ஆயுளுக்கும் மூடலாம், ஓராண்டுக்கு இல்லை.

கணக்கு உண்மையிலேயே தவறிப்போனால்? நீங்கள் போய்ச் சேர்ந்து, நிரந்தரமாக அங்கே வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டு வாங்கியபின், திருமணமாகாத மகளுக்காகப் புதிதாக மனுச் செய்யலாம். 2007ஆம் ஆண்டுத் தேதியை அதில் ஒட்டவைக்க முடியாது, 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. புது வரிசை, பல ஆண்டு. அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகக் கூடாது. இருபதுகளில் இருக்கும் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு, கல்யாணமும் செய்துகொள்ளாதே என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிற தாயாக நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்குப் போக விருப்பமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அதையும் கேளுங்கள்.

இனி உங்கள் கணவர். கெட்டிக்காரர், அதனால்தான் பயமாக இருக்கிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால் மகனுக்கு உள்ள பாகம் மகளுக்கும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956லேயே அதைச் சொல்லிவிட்டது. அண்ணன் கேட்டது தப்பு. அக்காள் தங்கை சீரோடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிற பழைய கணக்கை டாலர் சம்பாதித்தும் அவர் மறக்கவில்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாகத்தை விடாமல் கேளுங்கள்.

ஆனால் பேசிக்கொண்டே கேளுங்கள். பாகம் கேட்பதற்குப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று யார் சொன்னது? உன் கையெழுத்துக்கு என் கையெழுத்து என்று போனீர்களானால் இரண்டும் விலைக்கு வந்துவிடும். 2007இல் தன் குழந்தைகளுக்குச் செலவிருந்த காலத்தில் 190 டாலர் கட்டி, தங்கையின் பிறப்புச் சான்றிதழையும் தன்னுடையதையும் தேடிப்பிடித்து அந்த மனுவைப் போட்டவரும் இதே அண்ணன்தான். அன்றைக்கு அவர் பதிலுக்கு எதையும் எழுதி வாங்கவில்லை. வீட்டு விஷயத்தில் அவர் அநியாயக்காரர், இந்த விஷயத்தில் தாய்மாமன். இரண்டும் ஒரே ஆள். ஒன்றுக்காக மற்றதை இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை, அவருக்கும் இல்லை.

விசா வேண்டியிருக்கிறது என்பதற்காக இப்போது போன் செய்தால் அண்ணி என்ன நினைப்பார் என்று நீங்கள் தயங்குவது எனக்குத் தெரிகிறது. அப்படித்தான் நினைப்பார். மார்கழியிலேயே செய்திருந்தால் நினைத்திருக்க மாட்டார். அந்தப் பழியை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு வர வேண்டியதுதான்.

அவர் கிழக்குக் கரையில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நமக்கு மாலை ஆறரை மணி ஆகும்போது அவருக்குக் காலை ஒன்பது, வீட்டில் இருப்பார். கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை ஸ்டென்ட், எந்தப் பக்கம் வலித்தது, இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, அண்ணி உப்பைக் குறைத்துவிட்டாரா என்று கேளுங்கள். அவர் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கீகாரக் கடிதத்தின் தேதியை அன்றைக்குக் கேட்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள்.