சின்ன கிராஃப்ட் ப்ரூவரி (சின்ன அளவுல பீர் காய்ச்சற இடம்) ஒன்னு பெரிய கம்பெனிக்கு விக்காமலே வளர முடியுமா?

முடியும், ஆனா மெதுவாத்தான் முடியும்.

நான் பீர் காய்ச்சறவன் கிடையாது, அதுக்கு டேங்க் செய்யறவன். மாதவரத்துல பட்டறை. முதல்ல பால் பண்ணைங்களுக்குத்தான் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க், பைப் வேலையெல்லாம் பண்ணிட்டிருந்தோம், பெங்களூர்ல ப்ரூபப் (அங்கேயே பீர் காய்ச்சி விக்கற பப்) பெருக ஆரம்பிச்சதும் அங்கேர்ந்து ஆர்டர் வந்துச்சு, அப்படியே இந்த லைனுக்கு வந்துட்டோம். அடுத்த டேங்க் எப்ப கேக்கறாங்க, எந்தக் காசுல கேக்கறாங்கன்னு பாத்தாலே அந்த ப்ரூவரி எங்க போகுதுன்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

வளர்ச்சின்னதும் எல்லாரும் பெரிய கெட்டில், அதாவது கொதிக்க வைக்கற அண்டா, வாங்கறதத்தான் நினைக்கறாங்க. கெட்டில்ல வேலை ஒரே நாள்தாங்க. மால்ட்ட, அதாவது முளைகட்டின பார்லிய, 65-67 டிகிரில ஊற வச்சு, சாறு வடிச்சு, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, ஆத்தி, ஈஸ்ட் போட்டு டேங்குக்கு அனுப்பிட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஏல் வகை பீர்னா ரெண்டு வாரம், லாகர் வகைன்னா நாலஞ்சு வாரம் அங்கயே புளிச்சுப் பக்குவமாகணும், அது வரைக்கும் அந்த டேங்க்ல வேற எதுவும் ஊத்த முடியாது. பெரிய கிரைண்டர் வாங்கிட்டா மாவு சீக்கிரம் புளிச்சிடுமா என்ன? 1000 லிட்டர் பேட்ச்சா ஏல் போட்டா ஒரு டேங்க்ல வருஷத்துக்கு 25 தடவை, அதாவது 25,000 லிட்டர், லாகர் போட்டா 10 தடவை தேறினாலே பெருசு. சின்ன ப்ரூவரிங்க நிறைய பேர் ஏல்ல ஆரம்பிக்கறதுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆக ப்ரூவரி வளருதுன்னா ஃபெர்மென்டர், அதாவது இந்தப் புளிக்க வைக்கற டேங்க், எண்ணிக்கை கூடுதுன்னு அர்த்தம், ஒவ்வொன்னுக்கும் கூலிங் லைன் இழுக்கணும், காசு மொத்தமா முன்னாடியே போயிடும், பீர் வித்து திரும்பி வர மாசங்கள் ஆகும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அமெரிக்காவுல சியரா நெவாடாங்கற ப்ரூவரியோட கதை. 1979ல கலிபோர்னியாவுல சிக்கோங்கற ஊர்ல கென் கிராஸ்மேனும் பால் கமுசியும் ஆரம்பிச்சாங்க, 1980 கடைசில முதல் பேட்ச். சின்ன ப்ரூவரிக்குன்னு ஏத்த சாமான் அப்ப கிடைக்காது, பழைய பால் பண்ணை டேங்குகளத் தேடிப் புடிச்சு, கிராஸ்மேன் தானே வெட்டி வெல்டிங் பண்ணி செட் பண்ணாரு. பால் டேங்க் செஞ்ச கைக்கு இத கேக்கறப்ப அந்த மனுஷன் மேல எவ்ளோ மரியாதை வரும்னு பாத்துக்கங்க. பேல் ஏல் ருசி ஒரே மாதிரி வர்ற வரைக்கும், கையில காசு இல்லாத நேரத்துலயும், பேட்ச் பேட்சா கீழ ஊத்தியிருக்காங்க. 80கள்ல ஜெர்மனில ஒரு பழைய ப்ரூவரியோட செம்பு கெட்டில்களை வாங்கி, அத நிறுத்தறதுக்குப் பணம் சேர்ற வரைக்கும் வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. நார்த் கரோலினால ரெண்டாவது ப்ரூவரி வந்தது 2014லதான். இன்னிக்கும் குடும்பத்துக் கையிலதான் இருக்கு.

மெதுவான்னா சின்னதாவே இருன்னு இல்ல. 1976ல சொனோமால ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன்னு ஒன்னு ஆரம்பிச்சாரு, அவரும் கையாலயே எல்லாத்தையும் கட்டினவரு, பீருக்கும் நல்ல பேரு, ஆனா ஒரு தடவைக்கு ஒன்றரை பேரல், நம்ம கணக்குல 175 லிட்டர் சொச்சம்தான் வரும், அதுல எப்படிக் கட்டுப்படியாகும்? பெருசாக்கப் பணம் கிடைக்கல, 1982ல மூடிட்டாங்க. பணம் அவசரமா வேணும்னு போனா மறுபக்கம் இருக்கறது பெரிய கம்பெனிங்க. கூஸ் ஐலண்டுங்கற ப்ரூவரிய 2011ல ஆன்ஹைசர் புஷ் 3.88 கோடி டாலருக்கு வாங்குச்சு. லகுனிடாஸ்ங்கற ப்ரூவரில 2015ல பாதி, 2017ல மீதின்னு ஹைனகன் கைக்குப் போச்சு. ஆங்கர் ப்ரூவரிய 1965ல மூடற நிலைமைலேர்ந்து ஃபிரிட்ஸ் மேடேக் காப்பாத்தினாரு, கடைசில 2017ல சப்போரோ வாங்கி 2023ல மூடுச்சு. ஊரே கொண்டாடின ப்ரூவரிய வாங்குனவன் ஒரு முடிவு எடுத்து மூடிட முடியுதுங்கறதுதான் எனக்குத் தாங்கல.

இன்னொன்னு, அவசரத்துல மலிவு டேங்க் போடாதீங்க. உள்பக்கத் தையல, அதாவது தகடு சேர்ற இணைப்ப, ஆர்கான் கேஸ் விடாம வெல்டிங் பண்ணா பின்னாடி கருகிப் பொரிஞ்சி போயிடும், அந்தக் குழிக்குள்ள பாக்டீரியா தங்கிடும், எத்தனை தடவை காஸ்டிக் சோடா விட்டுக் கழுவினாலும் போகாது, நல்லா போன பீர் திடீர்னு புளிக்கும். எங்க மேஸ்திரி "வெளிய பளபளன்னு இருக்கறத விடுப்பா, உள்ள கைய வுட்டுத் தடவிப் பாரு"ன்னுவாரு. இது மட்டும் நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன்.

நம்ம ஊர்லயே ஆரம்பிக்கலாமான்னும் சிலர் கேக்கறாங்க. தமிழ்நாட்டுல மைக்ரோப்ரூவரிக்கு வழி இல்லீங்க, 2003லேர்ந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக்தான். தண்ணின்னு பாத்தா மீஞ்சூர்ல கடல் தண்ணியக் குடிதண்ணி ஆக்கற பிளான்ட்டு 2010லயே வந்துச்சு, உப்பு எடுத்த தண்ணில ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து போட்டு எந்த ஸ்டைல் பீருக்கும் கொண்டு வரலாம், கை வேலைக்கும் இங்க ஆள் இருக்காங்க, இருந்தும் நாங்க செய்யற டேங்க் எல்லாம் ஓசூர் தாண்டித்தான் போகுது. ரொம்ப வருத்தம்தான்.

புதுச்சேரியோ பெங்களூரோ போய் ஆரம்பிக்கறதா இருந்தா, இடம் புடிக்கறப்பவே அடுத்த டேங்குகளுக்கும் சேத்து இடம் பாருங்க. 1000 லிட்டர் டேங்க் நிரம்பினா ஒன்றரை டன் பக்கம் வரும், மாடிலன்னா தளம் தாங்குமான்னு இன்ஜினியர்கிட்ட எழுதி வாங்குங்க, டிரெயினும் கூலிங் லைனும் முதல் நாளே கூடுதலா விட்டு வச்சிடுங்க. டேங்க பிறகு சேத்துக்கலாம், ஓடற ப்ரூவரில தரையத் தோண்ட முடியாது.