ஹீமோஃபிலியா: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் டாக்டர் இல்லை. என் மகனுக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ, வயது 22. ரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் என்ற புரதம் உடம்பில் குறைவாக இருப்பதால் வரும் பிறவி நோய் இது. அவனை வளர்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

கே: பையனுக்கு 2 வயது. சின்னக் கீறலிலேயே ரத்தமெல்லாம் போய்விடுமோ என்று வெளியே விடுவதில்லை.

போகாதும்மா. ரத்தம் மற்றவர்களைவிட வேகமாக வராது, நிற்கத்தான் நேரமாகும். கீறலை அழுத்திப் பிடித்தால் போதும். பயப்பட வேண்டியது வெளியே தெரியாத கசிவுக்குத்தான்: முட்டி, கணுக்கால், முழங்கை. என் மகன் எல்கேஜி படிக்கும்போது ஒரு காலையில் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்று அதட்டி அனுப்பினேன். மதியத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. "உள்ளே ஒரு மாதிரி இருக்கு" என்று குழந்தை சொன்னாலே ஃபேக்டர் ஊசி போட வேண்டும், வீங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டே கெட்டுப்போகும். பிள்ளையை விளையாட விடுங்கள். பெரியவனானதும் நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

கே: காய்ச்சலுக்கு புரூஃபன் தரலாமா?

கூடாது. ஆஸ்பிரினும் கூடாது. பாராசிட்டமால் மட்டும். இடுப்பில் சதை ஊசி போடவும் விடாதீர்கள்.

கே: மாடிப்படியில் விழுந்து தலையில் அடி. ஸ்கேன் எடுத்துவிட்டு ஃபேக்டர் போடலாமா?

முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். எங்களை ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். சண்டை போட்டுத்தான் ஊசி வாங்கினேன். நீங்களும் சண்டை போடுங்கள்.

கே: தாய்மாமனைக் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று ஊரே பேசுகிறது.

பேசட்டும். இந்த நோய்க்குக் காரணமான ஜீன் பழுது இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டுமே. அப்பா உறவா அசலா என்பதற்கு அதில் வேலையே இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது.

கே: அப்படியென்றால் அம்மாதானே காரணம்?

இதை எதிர்பார்த்தேன். ஹீமோஃபிலியா உள்ள அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. மகள்கள் எல்லோருக்கும் அந்த ஜீன் போகும். அப்படி அப்பாவிடம் வாங்கி வந்தவளை, அவளுக்குப் பிறந்த பையனைக் காட்டி ஏசுவீர்களா? யாரும் ஜீனைப் பார்த்துப் பொறுக்கி எடுப்பதில்லை.

கே: நான் அறிவியல் ஆசிரியர். சொந்தத்தில் கட்டினால் பெண்ணுக்கும் வரலாமே?

சரி சார், வரலாம். ஹீமோஃபிலியா உள்ளவர் அதே ஜீன் உள்ள பெண்ணைக் கட்டினால் மகளுக்கும் வர வாய்ப்புண்டு. ஊர் பேசுவது அதுவா? நீங்கள் வகுப்பில் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது: ஜீன் உள்ள பெண்களுக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கலாம். மாதவிடாயில் ரத்தம் கொட்டும், பிரசவத்தில் ஆபத்து. பையனுக்கு அத்தனை டெஸ்ட் எடுப்போம், அக்கா தங்கையை ஒருவரும் கூட்டிப்போவதில்லை. நானும் என் தங்கையை அவள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம்தான் கூட்டிப்போனேன்.

கே: பல்வலிக்கு டைக்ளோஃபெனாக்?

புரூஃபனுக்குச் சொன்ன பதில்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஹீமோஃபிலியா டாக்டரிடம் கேளுங்கள்.

கே: செலவு தாங்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசம், அங்கே பதிவு செய்யுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறனில் ஹீமோஃபிலியாவும் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

கே: ஜீன் தெரபி?

பழுதான ஜீனுக்குப் பதில் வேலை செய்யும் ஜீனை உடம்பில் செலுத்தும் சிகிச்சை அது. வேலூர் சிஎம்சியில் ஐந்து பேருக்குச் செய்து பார்த்த முடிவு 2024இல் வெளிவந்தது. ஐவருக்கும் கசிவு நின்றிருக்கிறது. அதை நம்பி இன்றைய ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: தடுப்பூசியையாவது சதையில் போடலாமா?

இடுப்போ தொடையோ, சதை சதைதான். தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் போடச் சொல்லுங்கள். போட்ட இடத்தைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள்.