‘நலங்கு மாவு’ என்று தேடினால் உங்கள் கடை வருகிறதா?

ஆன்லைனில் அழகுப் பொருள் விற்கும் வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கே: நலங்கு மாவு, மூலிகைச் சோப்பு, கூந்தல் தைலம் விற்க வெப்சைட் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. கூகுளில் கடை கண்ணிலேயே படுவதில்லை. மாதம் 3,000 ரூபாய் கொடுத்தால் 500 பேக்லிங்க் போட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, ஈரோடு)

ப: கொடுக்காதீர்கள். பேக்லிங்க் என்பது பிற தளங்களிலிருந்து உங்கள் கடைக்கு வரும் இணைப்பு. தரவரிசைக்காகக் காசு கொடுத்து வாங்கும் லிங்க் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. பெரும்பாலும் அது கணக்கிலேயே சேராது. மோசமானால் இருக்கிற இடமும் போகும்.

கடை இருப்பது கூகுளுக்குத் தெரியுமா என்பதை முதலில் பாருங்கள். தேடல் கட்டத்தில் ‘site’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடம் விடாமல் உங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரு பக்கமும் வராவிட்டால், வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய கடைகளில் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கும். கடை கட்டும்போது போட்டதை எடுக்க மறந்திருப்பார்கள். ஆன்லைன் கடை கட்டித் தரும் ஷாப்பிஃபையில், கடையைப் பூட்டி வைக்கும் ஸ்டோர் பாஸ்வேர்ட் நீக்கப்படாமல் இருக்கும்.

அடுத்து, தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் கடையைப் பதிந்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியலை) கொடுங்கள். இலவசம்தான். மூன்று மாதக் கணக்கைத் திறந்தால், எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை கிளிக், சராசரி எத்தனையாவது இடம் என்று வரும். 8 முதல் 20 வரை இடம் பிடித்திருக்கும் சொற்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். உழைப்பு பலன் தருவது அங்கேதான். 60-ஆம் இடத்தில் கிடப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

‘சோப்பு’, ‘ஃபேஸ்வாஷ்’ போன்ற சொற்களில் அமேசானும் நைக்காவும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே முட்டிப் பயனில்லை. ‘வாசனை சேர்க்காத குளியல் பொடி’, ‘குழந்தைக்கு நலங்கு மாவு’ என்று தேடுகிறவர் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வாங்கும் எண்ணத்தோடு வருகிறவர். நலங்கு, நலுங்கு, மாவு, மாவ் என்று ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். கன்சோலில் அதிகம் தெரியும் வடிவத்தைத் தலைப்பில் வையுங்கள். மற்ற வடிவங்களை வரிசையாக அடுக்க வேண்டாம். கூகுளே பெரும்பாலும் புரிந்துகொள்ளும்.

பக்கத் தலைப்பு ‘ஹோம்’, ‘ப்ராடக்ட் 1’ என்று இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். ‘நலங்கு மாவு 200 கிராம், வாசனை சேர்க்காதது’ என்று பொருளும் அளவும் முன்னால் வரட்டும்; நீளமானால் தேடல் முடிவில் வால் வெட்டுப்படும்.

மொத்த வியாபாரி தந்த விளக்கத்தை அப்படியே ஒட்டியிருந்தால், அதே வரிகள் இன்னும் பல கடைகளிலும் இருக்கும். அவற்றில் உங்கள் பக்கத்தைக் காட்டக் கூகுளுக்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: பூலாங்கிழங்கு சேர்ந்திருக்கிறதா, கஸ்தூரி மஞ்சள் துணியில் கறை பிடிக்குமா, எத்தனை நாள் வரும். பதில்களைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு குளியலுக்கு 10 கிராம் என்றால் 200 கிராம் 20 குளியலுக்கு வரும். இந்த ஒரு வரி பத்து வரி வர்ணனைக்குச் சமம். பலன் தெரியச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். வாரத்துக்கு ஒரு முறை தலைப்பை மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

கே: தினமும் நாற்பது பேர் வருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு ஆர்டர்தான். (வாசகர், மதுரை)

ப: வாரம் 280 பேரில் இரண்டு பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இன்னும் ஆள் சேர்ப்பதற்கு முன் ஓட்டையை அடைத்துவிடுங்கள். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸில் பொருளைப் பார்த்தவர், கார்ட்டில் போட்டவர், செக்அவுட் (பணம் கட்டும் படி) தொடங்கியவர், பணம் கட்டியவர் என நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொருள் பக்கத்திலேயே திரும்பிப் போகிறார்கள் என்றால் படமும் வேகமும் காரணமாக இருக்கலாம். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 1200 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம், 150 கேபிக்குள் போதும். பக்க வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் கணக்கைப் பாருங்கள். பெரிய படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். ஸ்க்ரோல் செய்தால்தான் படம் இறங்கும் லேஸி லோடு வசதியை முதல் படத்துக்கு மட்டும் நிறுத்துங்கள்; அது இருந்தால் முக்கியமான படமே தாமதமாக வரும். முகப்பில் ஐந்து படம் ஓடும் ஸ்லைடரைத் தூக்கிவிடலாம். மூன்றாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

செக்அவுட்டில் விடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் கூரியர் கட்டணம்தான். 180 ரூபாய்ப் பொருளுக்குக் கடைசிப் படியில் 70 ரூபாய் ஏறினால் யார்தான் வாங்குவார்? அந்தத் தொகையைப் பொருள் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. கூரியர் கணக்கு பொதுவாக 500 கிராம் படியில் ஓடும். 200 கிராம் பாக்கெட் இரண்டு, பெட்டியோடு 480 கிராம். ஒன்று அனுப்பும் செலவிலேயே இரண்டும் போகும். எனவே இரண்டு பாக்கெட் செட்டை முன்னால் வையுங்கள். பெட்டி அளவில் கவனம் வேண்டும்: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதை எடையாக எடுக்கும் நிறுவனங்கள் நிறைய. 20×15×8 பெட்டி 0.48 கிலோ, தப்பித்தது. உயரம் 10 ஆனால் 0.6, அடுத்த படிக்கு ஏறிவிடும்.

கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பினால் போக வர இரண்டு கூலியும் உங்கள் தலையில். அனுப்புமுன் வாட்ஸ்அப்பில் உறுதி கேளுங்கள். முன்கூட்டியே பணம் கட்டுபவருக்கு 30 ரூபாய் குறையுங்கள்.

கே: ஒரே லிப்ஸ்டிக்கில் 24 ஷேடு. தனித்தனிப் பக்கம் போடலாமா? தீர்ந்த ஷேடை நீக்கலாமா? (வாசகி, கோவை)

ப: ஒரே பக்கத்தில் ஷேடுகளைத் தேர்வாக வையுங்கள். நிறப் பெயர் மட்டும் மாறும் 24 பக்கங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும். ஒரு ஷேடின் பெயரைச் சொல்லியே பலர் தேடுவது கன்சோலில் தெரிந்தால் அதற்கு மட்டும் தனிப்பக்கம், மாநிறத்திலும் கறுத்த தோலிலும் பூசிய படங்களோடு.

தற்காலிகமாகத் தீர்ந்ததை நீக்க வேண்டாம், ‘ஸ்டாக் இல்லை’ என்று போட்டு வையுங்கள். இனி வரவே வராது என்றால் மிக நெருங்கிய பொருளுக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய பக்கத்துக்குத் திருப்புவது) கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அதைக் காணாமல்போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

கே: ‘7 நாளில் பரு குணமாகும்’ என்று எழுதினால் விற்பனை கூடுமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: சிக்கல்தான் கூடும். குணமாக்கும் என்று சொன்ன கணமே அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. அழகுப் பொருள் தவறான நம்பிக்கை தருவதை 2020-ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகளும் தடுக்கின்றன. வீட்டில் செய்து விற்பதானாலும் தயாரிப்பு உரிமம் வேண்டும். ‘எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும்’ என்று எழுதுங்கள், போதும். எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் தயாரானது ஆகியவை ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் கட்டாயம். பலர் இதைப் பாக்கெட்டில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

கே: மெட்டா கீவேர்ட்ஸில் எத்தனை சொல் போட வேண்டும்? (வாசகி, சேலம்)

ப: ஒன்றும் வேண்டாம். பக்கத்தின் கோடில் மறைவாக எழுதும் அந்தச் சொற்களைக் கூகுள் பார்ப்பதே இல்லை. அந்த நேரத்தில் சென்ற மாதம் வாங்கியவர்களிடம் ரிவ்யூ கேளுங்கள், பொருள் கைக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. போய்ச் சேர்ந்த அன்றே கேட்டால் ‘பேக்கிங் நன்று’ என்று மட்டும்தான் வரும்.