பிரைட்டன் கரையில் மணல் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தில் பிரைட்டனில் படிக்கிறாள். ஜூலையில் நானும் கணவரும் போகிறோம். பெசன்ட் நகரில் தினமும் காலையில் வெறுங்காலோடு மணலில் நடந்து பழகியவர்கள் நாங்கள். அங்கேயும் அப்படி நடக்கலாமா?
- வாசகி, அடையாறு

பதில்: வெறுங்கால் வேண்டாம், சகோதரி. அங்கே கரை முழுக்கக் கூழாங்கல். அந்தப் பக்கத்துப் பாறை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதற்குள் சக்கிமுக்கிக் கற்கள் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். கடல் பாறையை அறுக்க, சுண்ணாம்பு கரைந்து போய்விடும், சக்கிமுக்கி மட்டும் உருண்டு உருண்டு கல்லாகக் கரையில் சேரும். கால் புதைகிற கல், நடந்தால் கணுக்கால் வலிக்கும். கெட்டியான அடி உள்ள ஷூ எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலைப் பார்க்கவே முடியாது என்றில்லை. கடல் நன்றாக வற்றும் நேரத்தில் கல்வரிசைக்குக் கீழே கொஞ்சம் மணல் தலைகாட்டும். நம் சென்னையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர். அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி சுமார் 6 மீட்டர்! அதனால் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணையை மகளிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காலை நடைக்கு நான் சொல்லும் இடம் வேறு. ஊரின் கிழக்கே படகுத்துறைக்கு அப்பால், வெள்ளைப் பாறைச் சுவரின் அடிவாரத்தோடு சால்ட்டீன் வரை சிமென்ட் நடைபாதை போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெட்டுக்குத்தாகப் பாறை. தினமும் நடப்பவர்களுக்கு அதைவிட நல்ல பாதை அந்த ஊரில் இல்லை.

கேள்வி: மீன்பிடி ஊராக இருந்த பிரைட்டன் எப்படி உல்லாச ஊராயிற்று?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஒரு டாக்டரால். பக்கத்து ஊரான லூயிஸில் இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல், கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று 1750-ல் லத்தீனில் எழுதினார். குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொன்னார். பணக்காரர்கள் வரிசை கட்டினார்கள். சக்கரம் வைத்த மரக்கூண்டில் அவர்களைத் தண்ணீருக்குள் இழுத்துப் போய், கையைப் பிடித்து முக்கி எடுக்க உள்ளூர்ப் பெண்கள் இருந்தார்கள். அதில் மார்த்தா கன் என்ற பெண்மணி இளவரசருக்கே தெரிந்த ஆள். அப்புறம் அந்த இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ், அங்கே மாளிகை கட்டினார். 1841-ல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் சாதாரண ஜனங்களுக்கும் ஊர் திறந்துவிட்டது.

கேள்வி: பிரைட்டனில் கடலுக்குள் இரும்புக் கால்களோடு நிற்கும் எலும்புக்கூடு போன்ற ஒன்றைப் படத்தில் பார்த்தேன். அது என்ன? ஏன் இன்னும் அகற்றவில்லை?
- வாசகர், ராயபுரம்

பதில்: மேற்குப் பாலம். யூஜீனியஸ் பிர்ச் என்ற பொறியாளர் கட்டி, 1866-ல் திறந்தது. கடலுக்குள் நடந்து போய்க் காற்று வாங்குவதற்காக மட்டுமே ஒரு பாலம். பின்னால் அதன் மேல் கச்சேரி மண்டபமும் வந்தது. 1975-ல் மூடினார்கள். 2002-ல் புயல் ஒரு பகுதியைச் சாய்த்தது, 2003-ல் இரண்டு முறை தீப்பிடித்தது. மிஞ்சிய இரும்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். அது சரி என்பதே என் எண்ணம். கிழக்கே 1899-ல் திறந்த பேலஸ் பியர் என்ற இன்னொரு கடல் பாலம் இன்றும் விளக்கும் ராட்டினமுமாக ஓடுகிறது.

நீங்கள் ராயபுரத்துக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். மேற்குப் பாலத்தின் கால்கள் திருகாணி போல் முனை உள்ள இரும்புத் தூண்கள். கடலடியில் திருகி இறக்குவார்கள். அதே முறையில் சென்னையில் 1861-லேயே சுமார் 1,100 அடி நீளப் பாலம் நின்றது. அதுவரை கப்பல் சரக்கு மசூலா படகில்தான் அலை தாண்டிக் கரைக்கு வரும். புயல்கள் அந்தப் பாலத்தை உடைக்க, 1876-ல் துறைமுகச் சுவர் வேலை தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் நிறுத்தியது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே உங்கள் கரை அரித்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எப்போதும் சொல்லி வருகிறேன்: மெரினாவின் அகலத்துக்கு ராயபுரமும் காசிமேடும் விலை கொடுத்திருக்கின்றன.

பிரைட்டனில் கல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்கிறது. அதைப் பிடித்து வைக்கக் கரைக்குக் குறுக்கே சுவர்கள் கட்டியிருக்கிறார்கள். நம் தூண்டில் வளைவுக்கு அதே வேலைதான். ஒவ்வொரு சுவருக்கும் மேற்கே கல் மேடு தட்டியிருக்கும், கிழக்கே பள்ளமாக இருக்கும். போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

கேள்வி: அந்த ஊருக்கும் இந்தியர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
- வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: நிறைய. பாட்னாவில் 1759-ல் பிறந்த தீன் முகமது, லண்டனில் 1810-ல் இந்திய உணவகம் நடத்தி நொடித்துப் போய், பிரைட்டன் கடற்கரையில் மூலிகை ஆவிக் குளியலும் உடம்புப் பிடித்துவிடுதலும் நடத்தினார். இரண்டு அரசர்கள் அவரிடம் சிகிச்சை எடுத்தார்கள். 1851-ல் இறந்தார். செயின்ட் நிக்கோலஸ் சர்ச் தோட்டத்தில் கல்லறை இருக்கிறது. மேலே சொன்ன மார்த்தா கன்னும் அங்கேதான்.

பெரிய கதை முதல் உலகப்போரில். வெளியே இந்தியக் குவிமாடங்களும் உள்ளே சீன அலங்காரமுமாக ஜார்ஜ் எழுப்பிய அந்த மாளிகையை விக்டோரியா ராணி 1850-ல் ஊருக்கே விற்றுவிட்டார். 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை அது பிரான்ஸில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனை. விருந்து மண்டபங்களில் 700-க்கு மேல் கட்டில்கள். அவரவர் சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்றபடி ஒன்பது சமையற்கட்டுகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள்.

பிழைக்காதவர்களில் முஸ்லிம்களை வோக்கிங் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். இந்துக்கள், சீக்கியர்கள் 53 பேரை ஊருக்கு வடக்கே புல்வெளிக் குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் எழுப்பிய வெள்ளைப் பளிங்கு மண்டபம்தான் சத்ரி. வடிவமைத்தவர் ஹென்ரிக்ஸ் என்ற பம்பாய் இளைஞர். திறப்பு 1921 பிப்ரவரி 1. அந்த 53 பேரின் பெயர்களைக் கல்லில் பொறிக்க 2010 வரை ஆயிற்று. என்னால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாளிகை முன் படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு லண்டன் ரயிலைப் பிடிப்பவர்களே அதிகம். சத்ரியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அடையாறு சகோதரி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேட்சம் வரை பஸ் போகும். அங்கிருந்து மேட்டில் நடக்க வேண்டும், மண்டபம் வரை வண்டி போகாது. மழை பெய்திருந்தால் பாதை வழுக்கும். நிழலும் கடையும் இல்லை, தண்ணீர் கையில் இருக்கட்டும். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே அஞ்சலி நடக்கும். பயணத்தைச் சில வாரம் முன்னால் தள்ள முடிந்தால், அந்த ஞாயிற்றுக்கே போங்கள்.