தொற்றுநோய் ஆய்வாளர்களுக்கு 'ஆர்' (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியை எங்கிருந்து கற்றுக்கொடுக்கத் தொடங்குவது?

கேட்டவர் முதல் வகுப்பிலேயே மாறி (variable), வெக்டர் (மதிப்புகளின் வரிசை), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) என்று நிரலாக்க அடிப்படைகளுக்குப் போகலாமா என்கிறார். வேண்டாம். பாதிப்பேர் மதியத்துக்குள் காணாமல் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பழகிய ஒரு நோய்ப்பரவலோடு தொடங்குங்கள்.

என் தேர்வு ஆஸ்வீகோ (Oswego) நோய்ப்பரவல். 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்து. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு வயிற்றுக் கோளாறு. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் படுத்துவிட்டார்கள், சாப்பிடாத 21 பேரில் 3 பேர்தான். முதலில் இதைப் பேனாவால் கட்டம் போட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள்: 79.6 சதவீதம், 14.3 சதவீதம், வகுத்தால் ஏறக்குறைய 5.6, அதாவது சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு அத்தனை மடங்கு. அப்புறம் அதே எண்ணைக் கணினியில் வரவழைக்கட்டும். விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் பயம் போய்விடும். மீதி உணவுகளுக்கும் அதே வரியைத் திரும்ப ஓட்டும்போது நிரல் எதற்கு என்று தானே புரியும்.

ஆனால் உண்மையான பாடம் சாப்பிட்ட நேரமும் நோய் தொடங்கிய நேரமும் பதிவான பத்திகளில் (column) இருக்கிறது. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவருக்கு நள்ளிரவு 12.30க்கு வாந்தி என்று வையுங்கள். தேதி சேர்க்காமல் கழித்தால் நோயரும்பு காலம் (சாப்பிட்டதிலிருந்து நோய் தொடங்கும் வரையான நேரம்) மைனஸ் பத்தொன்பதரை மணி நேரம்! இந்தப் பிழையை நீங்களே திருத்திக் கொடுக்காதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். நோய் வராதவர்களுக்கு நோய் தொடங்கிய நேரத்துக்கான கட்டம் காலியாகத்தான் இருக்கும். சிலருக்குச் சாப்பிட்ட நேரமே பதிவாகவில்லை. இரண்டு வெற்றிடமும் ஒன்றல்ல என்பதை இங்கேயே பேசிவிடலாம்.

எக்செல் போதாதா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பின் வரிசை வரம்பால் 15,841 கோவிட் தொற்றுகள் கணக்கில் விடுபட்ட கதையைச் சொல்லுங்கள். லூப் மூன்றாம் நாள் போதும்.