மருத்துவமும் சட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கருக்கலைப்பில் உயிரோடு பிறக்கும் குழந்தைக்குச் சிகிச்சை தர அமெரிக்காவில் சட்டம் என்று செய்தியில் பார்த்தேன். நம் நாட்டில் உண்டா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அங்கே 2002-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. எத்தனை வாரத்தில், எப்படி வெளிவந்தாலும் மூச்சோ இதயத் துடிப்போ இருந்தால் அது ஒரு நபர் என்கிறது. டாக்டருக்கான கடமையையும் தண்டனையையும் சேர்க்கும் மசோதா 2025 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியது. மேலவையான செனட்டில் 60 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 52 தான் விழுந்தது, அதனால் சட்டமாகவில்லை.

இங்கே தனிச் சட்டம் இல்லை. 1971-ன் கருக்கலைப்புச் சட்டம் இதைப் பேசவே இல்லை. 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம்தான் தெளிவாகச் சொன்னது: உயிரோடு பிறந்தால் தேவையான சிகிச்சைக்கு டாக்டர் வழிசெய்ய வேண்டும், பெற்றோரால் ஏற்க முடியாவிட்டால் பொறுப்பு அரசுடையது. குழந்தையை ஒப்படைப்பது குழந்தைகள் நலக் குழு வழியாக. ஒப்படைப்புப் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்திட்ட பிறகும் மனம் மாற 60 நாள் உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-ல் கேட்டால் வழி சொல்வார்கள்.

கேள்வி: உறவுப் பெண்ணுக்கு 23-வது வாரம். குழந்தைக்கு இதயக் கோளாறு என்று ஸ்கேனில் தெரிந்தது. கலைக்கும்போது உயிரோடு பிறந்துவிட்டால்?
– வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் நாட்களை எண்ணுங்கள். 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்து போதும். தாண்டினால் மருத்துவ வாரியத்தின் (அரசு அமைக்கும் டாக்டர்கள் குழு) கருத்து வேண்டும். அது 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஸ்கேனுக்கு மதுரை போகிறோம் என்று ஒரு வாரத்தை விடுவதுதான் நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கும் தவறு. சம்மதக் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை, ஆஸ்பத்திரி கேட்டாலும்கூட.

மாத்திரைகள் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். குழந்தையின் இதயத்தை நிறுத்தாது. அதனால்தான் இந்த வாரங்களில் சில குழந்தைகள் உயிரோடு வருகின்றன. முன்கூட்டியே ஸ்கேன் பார்த்தபடி இதயத்தில் பொட்டாசியம் குளோரைடு ஊசி போடும் முறை உண்டு. அது எல்லா இடத்திலும் கிடையாது. போடுவார்களா, இல்லையென்றால் பிரசவ அறையில் குழந்தை டாக்டர் இருப்பாரா என்று அட்மிட் ஆகும் முன்பே கேளுங்கள்.

உயிரோடு வந்தால் எடை பார்ப்பது முக்கியம், வாரக் கணக்கு தவறியிருக்கலாம். 500 கிராம் என்றால் ஏறக்குறைய 22 வாரம். இவ்வளவு சின்னக் குழந்தையைத் துடைக்காமல் கழுத்துவரை பிளாஸ்டிக் பையில் வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, சூடு தரும் கருவியான வார்மருக்கு அடியில் கிடத்துவார்கள். துணியில் சுற்றி ட்ரேயில் விட்டால் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். மூச்சு வராவிட்டால் முதல் நிமிடத்துக்குள் மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை காற்று. நுரையீரல் வளராத குழந்தைக்கு இதெல்லாம் பலன் தராது. அப்போது கதகதப்பும் வலி நீக்கமும்தான் சிகிச்சை. அதுவும் சிகிச்சைதான், கைவிடுவதல்ல.

பிறந்த பிறகு ஆம்புலன்ஸ் தேடுவதைவிட, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியிலேயே சேர்ப்பது நல்லது.

கேள்வி: அப்படிப் பிறந்து அரை மணியில் இறந்தால் பதிவு வேண்டுமா?
– வாசகி, தொண்டி

பதில்: வேண்டும், இரண்டு பதிவு. வாரக் கணக்கு எதுவானாலும் ஒரு மூச்சு இருந்தாலே அது பிறப்பு, பிறகு இறப்பு. இரண்டையும் 21 நாளுக்குள் ஆஸ்பத்திரியே தெரிவிக்க வேண்டும். பதிவு நடப்பது சம்பவம் நடந்த ஊரில். மதுரையில் பிறந்திருந்தால் சான்றிதழுக்குத் தொண்டியில் அலைய வேண்டாம்.